அனுப்பியவர் கட்டியது சரியில்லை

மா யாங்னிமுக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. தென் கொரியாவில் நாம்வொல் என்ற ஊரின் அஞ்சல் பிரிப்புக் கூடத்தில், தெற்கு மூலையில் போட்டிருந்த தகர மேசைதான் அவளுடைய இடம். வழியில் கிழிந்தது, நசுங்கியது, ஒழுகியது என்று எல்லாப் பார்சலும் அந்த மேசைக்குத்தான் வந்து சேரும். அவள் பிரித்துத் துடைத்து, உள்ளே இருப்பதைச் சீட்டோடு ஒத்துப் பார்த்து, புதுப் பெட்டியில் வைத்துக் கட்டி மறுபடி வண்டியேற்றுவாள். ஒன்பது வருஷமாக இதே வேலை.

அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் பூசானில் ஒரு செருப்புக் கம்பெனியில் அடி ஒட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனி மூடிய வருஷமே கல்யாணமும் முறிந்தது. ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன், கரை கண்ட நாளில் போன் பண்ணுவான். செருப்புக் கம்பெனியில் அவள் இருநூறு பேரில் ஒருத்தி. பெயர்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. இந்தத் தகர மேசையில்தான் அவளுக்கென்று ஒரு மதிப்பு வந்தது. உடைந்த மண்பொம்மையின் சில்லுகளைக்கூட ஒன்று விடாமல் பொறுக்கித் தனிப் பையில் போட்டு, "ஒட்டிக்கொள்ள உதவலாம்" என்று ஒரு துண்டுத்தாள் வைத்து அனுப்புவாள். வாங்கியவர்கள் நன்றி எழுதிய கார்டுகள் மேசைக்கு மேலே சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தன.

அவளிடம் எல்லாருக்கும் கொஞ்சம் பயமும் உண்டு. சேதமான ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு படிவம். அதில் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: கையாண்டதில் சேதம், அனுப்பியவர் கட்டியது சரியில்லை, காரணம் தெரியவில்லை. எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்பது அவள் கையில் இருந்தது. பே என்ற ஒரு லாரி ஆள் பெட்டிகளை எறிவதை ஒருமுறை பார்த்துவிட்டு, கூடமே கேட்கும்படி, "உங்கம்மா அனுப்புன பெட்டின்னாலும் இப்படித்தான் எறிவியா?" என்று கேட்டாள். முதல் கட்டத்தில் டிக் போட்டாள். இன்னும் இரண்டு முறை போட்டாள். அந்த வருஷக் கடைசியில் பேயின் ஒப்பந்தம் நீளவில்லை. "தப்பு பண்ணவன் அனுபவிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கப் போனவள் அவள்.

நவம்பர் வந்தால் அந்த மாகாணத்தில் கிம்ச்சி என்கிற முட்டைக்கோஸ் ஊறுகாய் போடாத வீடு கிடையாது. போட்டதில் பாதி நகரத்துப் பிள்ளைகளுக்குப் போயாக வேண்டும். கூடம் முழுக்கத் தெர்மாகோல் பெட்டிகள். புளிக்கத் தொடங்கிய கிம்ச்சி வாயு கட்டிப் பையை ஊத, பை வெடிக்க, மிளகாய்ச் சாறு கீழே உள்ள பார்சல்களின் மேலெல்லாம் வடியும். அந்த மூன்று வாரமும் யாங்னிமின் நகக்கண் சிவப்பாகவே இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

அந்தக் குறிப்பிட்ட நாள் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். காலையிலிருந்து முப்பது பெட்டிக்கு மேல் கட்டியிருந்தாள். கூட வேலை செய்யும் ஹேரன் காய்ச்சல் என்று வரவில்லை. மேற்பார்வையாளர் குவாக், அவளைவிட எட்டு வயது சின்னவர், இரண்டு முறை வந்து, "அக்கா, அஞ்சு மணி வண்டி காத்திருக்காது, கொஞ்சம் வேகமா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்போது பார்சல்கள் அடுக்கிய ஒரு கூண்டுவண்டி, சக்கரம் வைத்த இரும்புக் கூண்டு, வந்தது. மேலே இருந்த கிம்ச்சிப் பை வெடித்து, கீழே இருந்த எல்லாம் நனைந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பக்கத்துக் கூண்டில் அடுக்க வேண்டும்.

நாலாவதாகக் கையில் வந்தது ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி. பன்னிரண்டு கிலோ இருக்கும். வெளியே நனைந்திருந்ததே தவிர, பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஹாசொம் தீவிலிருந்து கூ மான்ஹோ என்பவர் சியோலில் இருக்கும் கூ போராவுக்கு அனுப்பியது. பெட்டியின் ஆறு பக்கமும் தடிப் பேனாவால் எழுதியிருந்தது. "கண்ணாடிச் சாடி." "தலைகீழாக வைக்க வேண்டாம்." "தயவுசெய்து மெதுவாக." "உங்களுக்கு ரொம்பச் சிரமம், மன்னிக்கவும்." மூடியின் மேல் பெரிதாக: "திரும்பக் கிடைக்காத பொருள்."

இன்னொரு நாளாக இருந்தால் அந்த எழுத்தைப் பார்த்து அவள் சிரித்திருப்பாள். அன்று எரிச்சல் வந்தது. ஊரில் உள்ளவர்கள் எல்லாம் தங்கள் பெட்டியில் மட்டும்தான் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே துடைத்தாள். துடைக்கத் துடைக்க அந்த எழுத்துகள் கலைந்து கையில் கறுப்பாக ஒட்டின. மிளகாய்ச் சாறு ஒரு சொட்டு கண்ணில் தெறித்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியைத் தூக்கி, இரண்டு எட்டு நடந்து வைப்பதற்குப் பதில், நின்ற இடத்திலிருந்தே கூண்டுக்குள் எறிந்தாள்.

பெட்டி கூண்டின் இரும்பு விளிம்பில் மூலையோடு மோதித் தரையில் விழுந்தது. உள்ளே மெத்தென்று ஒரு சத்தம். பிறகு வாசனை எழுந்தது. இரண்டு வருஷம் உப்பில் ஊறிய நெத்திலிச் சாறு. அந்தப் பெரிய கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த லாரி ஆட்களுக்குக்கூடப் போய்ச் சேர்ந்தது. "யாருப்பா அது, திமிங்கலத்தையே பார்சல் பண்ணது?" என்று யாரோ கத்த, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அவள் எறிந்ததை யாரும் பார்க்கவில்லை. அவள் முட்டிபோட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு பக்கம் கிம்ச்சி, மூன்று பைக்குள் பை, பத்திரமாக இருந்தது. இன்னொரு பக்கம் அந்தச் சாடி. அதைச் சுற்றி உமி. உமிக்குள்ளே பழைய மெத்தையை வெட்டித் தைத்த ஓர் உறை, நாலு அடுக்கு, சாடியின் அளவுக்கே, கழுத்துப் பக்கம் நாடா போட்டுக் கட்டும்படி. தையல் கோணல்மாணலாக இருந்தது. ஊசி பிடித்துப் பழகாத கை, ஆனால் ஓர் அங்குலம் விடாமல் தைத்த கை. ஒன்பது வருஷத்தில் இவ்வளவு நன்றாகக் கட்டிய சாடியை அவள் பார்த்ததில்லை. வண்டி குலுங்கினாலும், மேலே பத்துப் பெட்டி ஏறினாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. இரும்பில் மோதியதற்குத்தான் அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. உறைக்குள்ளேயே சாடி மூன்றாகப் பிளந்திருந்தது.

படிவத்தை எடுத்தாள். முதல் கட்டத்தில் டிக் போட்டால் அவள் பெயரையே எழுத வேண்டும். அவள் பெயர். ஒப்பந்தம் புதுப்பிக்க இன்னும் ஒரு மாதம்தான். அந்தப் பயம் இருந்ததுதான். ஆனால் பிற்பாடு தன்னைத் தானே கேட்டுப் பார்த்தபோது, அதைவிடப் பெரிதாக இருந்தது வேறொன்று என்று அவளுக்குத் தெரிந்தது: லாரி ஆட்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற நினைப்பு. மூன்றாவது கட்டம், தெரியவில்லை என்று போட்டால், குவாக் கேமராப் பதிவை எடுத்துப் பார்ப்பார். மிச்சமிருந்தது நடுக் கட்டம்.

நடுக் கட்டத்தில் டிக் போட்டாள். ஆனால் படிவத்தோடு பெட்டியின் படமும் போக வேண்டும். அந்த உறையையும் உமியையும் படத்தில் பார்க்கிற யாரும் கட்டியது சரியில்லை என்று நம்ப மாட்டார்கள். அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். உமியை அள்ளி ஈரக் குப்பைத் தொட்டியில் போட்டாள். உறையைக் கண்ணாடித் துண்டுகளிலிருந்து உருவிப் பிழிந்து, அதையும் தொட்டியில் போட்டு, மேலே முட்டைக்கோஸ் இலைகளைத் தள்ளி மூடினாள். பிறகு உடைந்த சாடியை வெறும் பெட்டியில் வைத்துப் படம் எடுத்தாள். குவாக் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடிச் சாடியை இப்படியேவா போட்டு அனுப்புவாங்க? நல்ல ஜனங்கப்பா" என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

சாறு வழிந்து பக்கத்தில் இருந்த மூன்று பார்சல்கள் கெட்டன. அதில் ஒன்றில் யாரோ படிக்கிற பிள்ளையின் புத்தகங்கள். அந்தப் படிவங்களிலும் காரணம் கூ மான்ஹோவின் பெட்டி என்றே எழுத வேண்டியிருந்தது. எழுதினாள்.

ஆறாம் நாள் கூ மான்ஹோ நேரில் வந்தார்.

குள்ளமான மனிதர், அறுபத்துமூன்று வயது, கடற்காற்றில் கறுத்த முகம். சாவுக்கும் கல்யாணத்துக்கும் போடுகிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தோளில் ஒரு மூட்டை. படகு பிடித்து, இரண்டு பஸ் மாறி வந்தவர், கூடத்தின் வாசலிலேயே நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் வணக்கமாகக் குனிந்துகொண்டிருந்தார். குவாக் போய் விசாரித்து, நேராகத் தகர மேசைக்கு அழைத்துவந்தார்.

"என்னால மத்தவங்க சாமானும் கெட்டுப்போச்சுன்னு கடிதாசி வந்துச்சுங்க," என்றார் மான்ஹோ. "அவங்க விலாசம் கொடுத்தீங்கன்னா நேர்ல போயி மன்னிப்புக் கேட்டுடுவேன்."

"விலாசமெல்லாம் தரக் கூடாதுங்க ஐயா," என்றார் குவாக்.

"அப்ப உங்ககிட்டயே கேட்டுக்கறேன். மன்னிச்சுடுங்க." அவர் யாங்னிமின் பக்கம் திரும்பி இடுப்பு மடியக் குனிந்தார். "நீங்கதான் எல்லாத்தையும் தொடச்சதுன்னு சொன்னாங்க. அந்த நாத்தத்துல எவ்வளவு கஷ்டப்பட்டீங்களோ."

யாங்னிமும் குனிந்தாள். பதிலுக்குப் பதில் குனிந்ததாக எல்லாரும் நினைத்தார்கள். அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அவள் குனிந்தாள்.

"என் சம்சாரம் இருந்தவரைக்கும் அவதான் எல்லாம் கட்டுவா," என்றார் அவர். "மே மாசம் தவறிட்டா. அந்தச் சாறு அவ கடைசியா போட்டது. பொண்ணுக்கு ஜனவரி மாசம் பிரசவம். பிள்ளை பெத்தவங்க குடிக்கிற கடற்பாசி சூப்பு அம்மா சாறு ஊத்தித்தான் வேணும்னு கேட்டா. நான் கிம்ச்சி போட்டதும் இதான் மொதத் தடவை, பார்சல் கட்டினதும் இதான் மொதத் தடவை." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கலாமுங்களா? நான் மெத்தையை வெட்டி நாலு அடுக்கா உறை தைச்சிருந்தேன். அது பத்தலையா?"

குவாக் அவளைப் பார்த்தார். படத்தில் உறை எதுவும் இல்லை என்பது அவருக்கு அந்த நேரம் ஞாபகம் வந்ததா, இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. 

"பத்தலங்க," என்றாள் யாங்னிம்.

"ஓ," என்றார் மான்ஹோ. தலையை ஆட்டிக்கொண்டார். "அஞ்சு போட்டிருக்கணும்."

"எங்க அக்காவுக்குத் தெரியாத கட்டு கிடையாது," என்றார் குவாக், சூழ்நிலையை லேசாக்க. "அக்கா, ஐயாவுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்து அனுப்புங்க."

அவள் சொல்லிக்கொடுத்தாள். அரை மணி நேரம். கண்ணாடியை விட்டுவிட்டு, இறுக்க மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றுங்கள். பையில் காற்றுக்கு இடம் விடுங்கள். மூலைகளில்தான் அடி விழும், அங்கே துணி வைத்து அடை கொடுங்கள். அவர் ஒரு மருந்துக்கடைக் கவரின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுத்துக்கூட்டித்தான் எழுதினார். "மூலை" என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். போகும்போது மூட்டையை மேசைமேல் வைத்தார். காலையில் உடைத்தெடுத்த சிப்பிக் கறி, பனிக்கட்டி போட்டுக் கட்டியது.

அன்று எல்லாரும் கூடி மிளகாய்ச் சட்னியில் தொட்டுத் தின்றார்கள். "அக்கா, இந்த மாதிரி ஆளு தினம் ஒருத்தர் வந்தா போதும்" என்றாள் காய்ச்சலிலிருந்து தேறி வந்திருந்த ஹேரன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். யாங்னிமும் எடுத்துத் தின்றாள். மூன்று தின்றாள். கடல் அப்படியே வாயில் இருந்தது. அவ்வளவு ருசியாக இருந்ததைப் பற்றி அவளுக்குப் பல வருஷம் கழித்தும் கூச்சம் தீரவில்லை.

டிசம்பரில் ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். வருஷக் கடைசிக் கூட்டத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பாராட்டுத் தாள் கொடுத்தார்கள். பிறருடைய பொருளைத் தன் பொருளாய்ப் பேணுகிறவர் என்று அதில் அச்சடித்திருந்தது. கைதட்டும்போது பின்வரிசையில் லாரி ஆட்களும் தட்டினார்கள். அவர்களில் பே இல்லை என்பது அவள் கண்ணில் பட்டது. பேயின் அந்த மூன்று டிக்குகளும் சரியானவைதான். ஆனாலும் அவனை அவள் கேட்ட கேள்வி இப்போது அவளுடைய காதிலேயே கேட்டது. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோகப் பிடிக்காமல், கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த அலமாரிக்குள் கவிழ்த்துப் போட்டாள்.

ஹாசொம் தீவிலிருந்து வருகிற பைகளை அதன் பிறகு அவள் தானே பிரித்தாள். அவர் எழுத்து வருகிறதா என்று பார்ப்பாள். ஜனவரி முழுக்க வரவில்லை. சீட்டுகளில் மற்றவர்கள் பெயர்கள் வந்தன. அவர் பெயர் மட்டும் இல்லை. கடைசியில் பொறுக்காமல், தீவில் இருக்கும் சின்னத் தபால் ஆபீசுக்கு ஏதோ சீட்டு சரிபார்ப்பதுபோல் போன் பண்ணி விசாரித்தாள்.

"மான்ஹோ அண்ணனா?" என்றாள் கவுன்டர்ப் பெண். "அவரு தபால்ல அனுப்புறதை விட்டுட்டாரு. தன்னால ஊர் சாமானெல்லாம் கெட்டுப்போச்சுன்னு. பொண்ணுக்கு எது கொடுக்கணும்னாலும் தானே சொமந்துகிட்டு சியோல் போறாரு. போன மாசம் பனியில வழுக்கி விழுந்து தோள்பட்டை எறங்கிப் போச்சு. சொன்னா கேக்குற ஆளா அவரு?"

யாங்னிம் போனை வைத்தாள். அன்று அவள் கட்டிய பெட்டிகளில் இரண்டில் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். ஒன்பது வருஷத்தில் முதல்முறை. ஹேரன்தான் பார்த்துச் சரிசெய்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. முதல் படகில் தீவுக்குப் போனாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று துறைமுகத்தில் ஒரு பெட்டி ஆரஞ்சு வாங்கினாள். படகில் உட்கார்ந்த பிறகு, தான் அதைக் கொண்டுபோய் நீட்டப்போவதை நினைத்துப் பார்க்கக் கூசியது. பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டாள்.

கடற்கரையில் நெகிழித்தாள் போர்த்திய ஒரு கொட்டகையில் மான்ஹோ சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார். இடது கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது. ஒற்றைக் கையால் சிப்பியை முழங்காலில் இடுக்கிப் பிடித்துக் கத்தியால் நெம்பினார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"அட, தபால் ஆபீஸ் அம்மா! இவ்வளவு தூரம்... வாங்க, அடுப்புப் பக்கம் உட்காருங்க, குளிருது."

"உட்காரலங்க ஐயா. ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்."

"சாப்பிட்டீங்களா?"

"ஐயா, உங்க கட்டு சரியாத்தான் இருந்துச்சு."

அவருக்குப் புரியவில்லை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். படகில் வரும்போது அவள் சொற்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். இப்போது அந்த வரிசை கலைந்துவிட்டது. வந்ததைச் சொன்னாள்.

"நாந்தான் எறிஞ்சேன். நீங்க எழுதியிருந்ததை எல்லாம் படிச்சுட்டுத்தான் எறிஞ்சேன். எரிச்சல்ல. ஒடஞ்சு போச்சு. அப்புறம் உங்க மேல எழுதிட்டேன். நாலு அடுக்கு போதாதுன்னு சொன்னது பொய். நான் அந்த மாதிரிக் கட்டு பாத்ததே இல்ல."

மான்ஹோ கத்தியைச் சிப்பிக் குவியல்மேல் வைத்தார்.

"அன்னிக்கு சொல்லிக்கொடுத்தீங்களே," என்றார். "மூலையில அடை கொடுக்கறது. அதுவும் பொய்யா?"

"இல்லங்க. அது நெசம்."

"அந்த உறை எங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். "குப்பையில போட்டுட்டேன். படத்துல தெரியக் கூடாதுன்னு."

"அது அவ படுத்திருந்த மெத்தை," என்றார் மான்ஹோ. குரலை உயர்த்தவில்லை. "ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறம் அதுலதான் படுத்திருந்தா. பொண்ணு அதை வச்சுக்குவாளேன்னு அந்தத் துணியில தைச்சேன்."

யாங்னிம் சிப்பி ஓடு கிடந்த ஈரத் தரையில் மண்டியிட்டாள். "எழுந்திருங்க," என்றார் அவர், பிரியமாக இல்லாமல். "ஓடு குத்தும்."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "எனக்குச் சொன்னது போதாது. அந்தச் சாறு போய்ச் சேராததுக்கப்புறம் எம்பொண்ணு என்கிட்ட ரெண்டு வாரம் பேசல. 'அம்மா இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா, உனக்கு ஒரு பொட்டிகூடக் கட்டத் தெரியல'ன்னா. நான் ஆமான்னு சொல்லிட்டேன். நீங்களே அவகிட்டச் சொல்லுங்க."

போராவின் குரல் போனில் வந்தது. பின்னால் கைக்குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. யாங்னிம் எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னாள். எறிந்தது, உமியை அள்ளியது, உறையைப் பிழிந்து முட்டைக்கோஸ் இலைக்கு அடியில் மறைத்தது. இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை.

போனில் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது," என்றாள் போரா கடைசியில். "உங்களைத் திட்டணும்னு தோணுது. ஆனா நான் எங்கப்பாவைத் திட்டினதுதான் ஞாபகம் வருது. போனை அவருகிட்டக் குடுங்க. நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்க."

அவள் தள்ளிப் போய்க் கொட்டகைக்கு வெளியே நின்றாள். தாளுக்குள் மான்ஹோவின் நிழல் முதுகைக் காட்டி நின்றது. அவர் அதிகம் பேசவில்லை. "ஏய், அழாதே," என்றார். "பிள்ளைக்குப் பால் கொடுக்குறவ அழக் கூடாது." பிறகு, "ஆமா, நாலு அடுக்கு," என்றார். "நானேதான் தைச்சேன். யாரு தைச்சுத் தருவா?" அந்த ஒரு வார்த்தையில் மட்டும் அவர் குரலில் லேசாக ஒரு பெருமை இருந்தது. வெளியே நின்றவளுக்கு அதைக் கேட்கத்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்தபோது அவருடைய கண் சிவந்திருந்தது. அவளைத் திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. "நாலு மணிப் படகு போயிடும். கெளம்புங்க," என்றார். அவள் குனிந்துவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள்.

மறுநாள் குவாக்கிடம் போய்ப் படிவத்தைத் திருத்த வேண்டும் என்றாள். குவாக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, அந்த ஆளு புகார் கொடுக்கல, நஷ்டஈடும் கேக்கல. அடங்கிப்போனதை ஏன் கெளர்றீங்க? உங்க பேரு மட்டுமா கெடும்? அந்தப் படிவத்துல கையெழுத்து என்னுது."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதறேன்."

"உறையைப் பத்தி அவரு சொன்னப்ப நான் பக்கத்துல நின்னேனே அக்கா," என்றார் குவாக் மெதுவாக. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இழுப்பறையிலிருந்து வெற்றுப் படிவத்தை எடுத்து நீட்டினார். "எழுதுங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்கிக்குவோம்."

விசாரணை மூன்று வாரம் நடந்தது. குவாக்குக்கு எச்சரிக்கை. யாங்னிமைத் தகர மேசையிலிருந்து எடுத்துக் கூண்டுவண்டிகளைக் கழுவுகிற வேலைக்குப் போட்டார்கள். வருஷக் கடைசியில் ஒப்பந்தம் நீளாது என்றும் சொல்லிவிட்டார்கள். லாரி ஆட்கள் சிரிப்பார்கள் என்று பயந்திருந்தாளே, அவர்கள் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும், "பே காதுல விழுந்தா சந்தோஷப்படுவான்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. பேயின் நம்பரை விசாரித்து வாங்கினாள். பேசவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவள் கேட்டுக்கொண்ட ஒன்றை மட்டும் அலுவலகம் செய்தது. கூ மான்ஹோவுக்கும் அவருடைய மகளுக்கும் தனித்தனியாக ஒரு கடிதம் போயிற்று: பார்சல் கட்டப்பட்டதில் எந்தக் குறையும் இல்லை, சேதம் முழுக்க ஊழியரின் தவறு. அந்த வரியை யாங்னிம்தான் எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரி "முழுக்க" என்பதை எடுத்துவிடலாமே என்றார். அவள் வேண்டாம் என்றாள்.

மே மாதம் போராவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "அம்மாவின் முதல் திதிக்கு ஊருக்கு வந்தோம். கடிதத்தை அப்பா சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். அப்பா மறுபடி தபாலில் அனுப்பத் தொடங்கிவிட்டார். உங்கள்மேல் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் வந்து சொன்னீர்கள். பதில் எழுத வேண்டாம்."

அவள் பதில் எழுதவில்லை.

இப்போது அவள் ஊர் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்குமிடத்தில் வேலை செய்கிறாள். நல்ல வேலைதான். புதிதாய்ப் பழகுகிறவர்கள், பத்து வருஷம் பார்த்த தபால் வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். பல பேரிடம், ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லிவிடுவாள். அதுவும் உண்மைதானே என்று தோன்றும், தோன்றும்போதே முகம் சுடும். தபால் ஆபீஸ் ஆட்களைத் தவிர, முழுக்கச் சொன்னது இதுவரை மூன்று பேரிடம். மூன்றாவது, கரை கண்டு போன் பண்ணிய மகனிடம். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, நீயா?" என்று மட்டும் கேட்டான்.

"நாந்தான்டா," என்றாள்.